சட்டத்தரணிக்கு எதிராக முறைப்பாடு: எங்கே கொடுப்பது, எப்படி எழுதுவது

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று நாட்டுச் சட்டத்தரணிகளோடு அலுவல் இருக்கலாம். காணி வழக்குக்கு இங்கே ஒருவர், மகனின் அகதி வழக்குக்கு லண்டனில் ஒருவர், தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் உறவுக்காக அங்கே ஒருவர். காசை வாங்கிவிட்டு ஒருவர் அலுவல் பார்க்காவிட்டால், அவரின் பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு அமைப்புத்தான் அவர்மேல் நடவடிக்கை எடுக்கும். காசு எந்த ஊரில் கைமாறியது என்பது இதற்குப் பொருட்டல்ல.

இலங்கைச் சட்டத்தரணிகளைப் பதிவதும் நீக்குவதும் கொழும்பு உயர் நீதிமன்றம். (நம்முடைய உயர் நீதிமன்றம் நாட்டின் அதியுயர் மன்று. தமிழ்நாட்டில் "உயர் நீதிமன்றம்" என்றால் மாநில அளவிலான மன்று, அதியுயர் மன்றை அங்கே "உச்ச நீதிமன்றம்" என்பார்கள். அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காக மூன்று நீதியரசர்கள் ஒன்றாக அமர்ந்து ஒருவரை இடைநிறுத்தலாம், அல்லது பெயரை நீக்கலாம். 1988இன் நடத்தை விதிகள் இன்னும் விரிவானவை. நல்ல பெயருள்ள சக சட்டத்தரணிகள் இழிவென்று கருதும் நடத்தையும் அவற்றில் அடங்கும்.

எழுதுமுன் வழக்கின் நிலையைப் பாருங்கள். நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லி ஏட்டைக் கேளுங்கள். எந்தத் தவணையில் யார் தோன்றினார், ஏன் தள்ளிப் போனது என்பதெல்லாம் அதில் திகதியோடு இருக்கும். அந்தப் பக்கத்தின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று, "அவர் வரவே இல்லை" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட வலுவானது. வழக்கு இலக்கமே இல்லையென்றால், வழக்குத் தாக்கல் செய்யப்படவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முறைப்பாட்டைச் சத்தியக் கடதாசியோடு உயர் நீதிமன்றப் பதிவாளருக்குப் புதுக்கடை, கொழும்பு 12 என்ற முகவரிக்கு அனுப்பலாம். பந்திகளுக்கு இலக்கமிட்டு, நீங்கள் கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள்: எந்த நாள், எவ்வளவு, எதற்காக. சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில்தான் ஒப்பமிட வேண்டும்; வீட்டில் ஒப்பமிட்டுப் பிறகு முத்திரை மட்டும் குத்தி வாங்கினால் அது பிழையாகிவிடும். சைவர்கள் "உறுதி கூறுகிறேன்" என்று எழுதலாம், கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் கடைசியில் மற்றதும் இருந்தால் ஆட்சேபணை வரும். பற்றுச்சீட்டு, வைப்புச் சீட்டு, வட்ஸ்அப் செய்தி எல்லாம் பிரதிகளாகப் போகட்டும். இடம்பெயர்வில் தப்பிய மூலப் பத்திரத்தை ஒருபோதும் தபாலில் போடாதீர்கள்.

சட்டத்தரணிகள் சங்கமும் முறைப்பாடுகளை விசாரிக்கும். ஆனால் பெயரை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே. வழக்குத் தோற்றதோ, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்ததோ முறைகேடு ஆகாது. இவற்றை மட்டும் வைத்து எழுதும் முறைப்பாடு நிற்காது.

முறைப்பாடு கொடுத்தால் காசு திரும்பிவிடும் என்று நம்பி இருப்பது ஆபத்து. காசுக்குத் தனி வழக்குப் போட வேண்டும், அதற்குக் காலவரையறை உண்டு: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம், நட்டஈட்டுக் கோரிக்கைக்கு 2 வருடம். முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்து இவற்றைத் தவறவிட வேண்டாம். நடக்கும் வழக்குக்குப் புதிய ஆளை அமர்த்துவதானால், பழைய பிரொக்சியை (உங்களுக்காகத் தோன்ற அவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்தில் ரத்துச் செய்ய வேண்டும். அது வரை ஏட்டில் பழையவர்தான் உங்கள் சட்டத்தரணி.

வன்னியில் தனியாகக் கவனிக்க வேண்டியது நொத்தாரிசு அலுவல். பெரும்பாலான நொத்தாரிசுகள் சட்டத்தரணிகளும்தான், ஆனால் அந்த வேலையைப் பதிவாளர் நாயகம் மேற்பார்வை செய்கிறார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை, அச்சட்டத்துக்கு மாறாக உறுதி முடிக்க நொத்தாரிசுக்குத் தடை உண்டு. அப்படி எழுதிய உறுதி செல்லாது. பிரதேச செயலாளரின் அனுமதி எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். "பிறகு எடுத்துத் தாறன்" என்ற பதிலோடு காசு கொடுக்காதீர்கள்.

இனி வெளிநாடு. இங்கிலாந்தில் சொலிசிற்றரின் சேவையில் குறை என்றால், முதலில் அவரின் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு 8 வாரம் பொறுக்க வேண்டும். பிறகு சட்டச் சேவை முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மன். நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். நேர்மையீனம், காசுச் சுருட்டல் போன்றவற்றுக்கு எஸ்ஆர்ஏ என்ற சொலிசிற்றர் ஒழுங்காற்று அமைப்பு. பரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் சட்டத்தரணி) என்றால், நடத்தை முறைகேட்டுக்கு அவர்களுக்கு வேறு சபை.

தமிழ்நாட்டு வழக்கறிஞர்மீது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அங்கே ஓராண்டுக்குள் முடியாத விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு.

கனடாவில் ஒன்ராறியோ சட்டத்தரணி என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கம். "இமிக்கிரேஷன் கொன்சல்டன்ட்" சட்டத்தரணி அல்ல, அவர்களைப் பதிந்து ஒழுங்குபடுத்த "கல்லூரி" (College) என்ற பெயரில் வேறு அமைப்பு உண்டு. காசு அனுப்ப முன்னரே இரண்டு பதிவேடுகளிலும் பெயரைத் தேடுங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். எதிலும் இல்லாதவரானால் காசு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸுக்குப் போகலாம்.