பியாட்சா என்பது முற்றம்

வட இத்தாலியின் சிறு நகரங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்த் துணைத்தலைப்போடு பார்த்தேன். மிலானுக்குத் தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில், நெல்வயல்கள் சூழ்ந்த விஜேவனோ நகரம் வந்தது. ஊர் நடுவில் உள்ள பியாட்சா துகாலேயை (பியாட்சா என்றால் இத்தாலிய ஊர்களில் மக்கள் கூடும் திறந்த பொதுவெளி) காட்டும்போது "கோமகன் சதுக்கம்" என்று எழுத்து ஓடியது. வழக்கமானதுதானே என்று விட்டிருப்பேன். அடுத்த வரியிலேயே "இந்த அழகிய சதுரம்" என்று வந்தது. 134 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் உள்ள இடம் எப்படிச் சதுரமாகும்? கண்ணெதிரே படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கூட எழுதவில்லை.

பியாட்சா என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'பிளாட்டேயா' என்றால் அகன்ற தெரு. அது லத்தீன் வழியாக இத்தாலியத்தில் பியாட்சா ஆனது, ஸ்பானியத்தில் பிளாசா ஆனது. வேரில் இருப்பது அகலம் மட்டுமே. நான்கு என்ற எண்ணும் இல்லை, வடிவமும் இல்லை. இத்தாலியின் லூக்கா நகரில் பழைய ரோமானிய வட்டரங்கின் மேல் எழுந்த பியாட்சா முட்டை வடிவம். வெனிஸின் சான் மார்க்கோ ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கும். இத்தாலியர்கள் இருவர் படுக்கும் கட்டிலை 'இரண்டு பியாட்சா கட்டில்' என்பார்கள். ஓர் உடம்புக்குப் போதுமான இடமும் அவர்களுக்குப் பியாட்சாதான்.

இனி சதுக்கத்துக்கு வருவோம். இது வடமொழி வழி வந்த சொல், நான்கு தெருக்கள் கூடும் இடம் என்று பொருள். நாற்சந்தி என்று நாம் சொல்வதுதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் ஐவகை மன்றங்களில் ஒன்றாகப் பூத சதுக்கம் வருகிறது. இதைக் காட்டி, "பாருங்கள், சதுக்கமும் மக்கள் கூடும் பொதுவிடம்தானே" என்று வாதாடுபவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்துக்கும் பொதுப்பெயர் மன்றம். சதுக்கம் அதில் ஒரு வகை, அவ்வளவுதான். மற்ற நான்கையும் இளங்கோ மன்றம் என்றே சொல்கிறார். அவற்றில் வெள்ளிடை மன்றம் என்ற பெயரிலேயே திறந்த வெளி இருக்கிறது. வகையின் பெயரை எடுத்து இனம் முழுவதற்கும் சூட்டுவது, எல்லா மரத்தையும் புளியமரம் என்பது போன்றது.

அதோடு, இன்று சதுக்கம் என்று எழுதுபவர் பூத சதுக்கத்தை நினைத்தா எழுதுகிறார்? ஆங்கிலத்தில் 'ஸ்கொயர்' என்று இருக்கிறது, அது சதுரம், ஆகவே சதுக்கம். மாஸ்கோவுக்கும் பெய்ஜிங்குக்கும் செய்தித்தாள்கள் அப்படிப் போட்டுப் பழக்கிவிட்டன. அவை நிலைத்துவிட்ட பெயர்கள், இருக்கட்டும். ஆனால் இத்தாலியச் சொல்லை ஆங்கிலத்தின் தோள்மீது ஏற்றிக் கொண்டுவந்து, அந்தத் தோளின் வடிவத்தையும் சேர்த்துத் தமிழில் இறக்குவதை எப்படி ஏற்பது?

திடல், மைதானம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். மண்தரையும் பந்தாட்டமும்தான் கண்முன் வருகின்றன. மன்றம் நல்ல சொல், ஆனால் சட்டமன்றமும் நீதிமன்றமும் ரசிகர் மன்றமும் அதை எடுத்துக்கொண்டன. நான் சொல்வது முற்றம்.

காரணத்தை விஜேவனோவே தருகிறது. 1452-இல் இங்கே பிறந்த லுதோவிகோ ஸ்ஃபோர்ட்சா, மிலானின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, ஊர் நடுவில் இருந்த பழைய கட்டடங்களை இடித்து 1492 முதல் 1494-க்குள் இந்த வெளியை உருவாக்கினார். எதற்காக? தன் கோட்டைக்கு முன்முற்றமாக. கோட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு சாய்தளம் நேராக இதில் வந்து இறங்கியது. சுற்றிலும் வளைவுகளோடு தூண்வரிசை, உள்ளே நிழல். நம் பழைய வீட்டின் முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தையும் நினைத்துப் பாருங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1673-இல் ஹுவான் காராமுவேல் என்ற ஸ்பானியக் கணிதவியலாளர் இங்கே ஆயராக வந்தார். கோட்டை வாயில் பக்கம் திரும்பியிருந்த முற்றத்தைப் பேராலயத்தின் பக்கம் திருப்பினார். சாய்தளம் போனது, வளைவுகள் தொடர்ந்தன. பேராலயம் இந்த வெளிக்கு நேராக அமையவில்லை என்பதால், அதன் முன்னால் உட்குழிந்த முகப்பு ஒன்றை எழுப்பி வெளியின் அகலம் முழுவதையும் அடைத்தார். அந்த முகப்பின் நான்கு வாயில்களில் இடக்கோடியில் உள்ளது கோயிலுக்குள் போகாது, தெருவுக்குள் போகும்! முற்றத்தின் ஒரு பக்கம் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தெருவையும் முகப்புக்குள் சேர்த்துக்கொண்டார். தெருக்கள் கூடுவதால் பிறக்கும் சதுக்கத்துக்கு இது நேர் எதிர். இங்கே தெருவை மறைத்தே இடம் உருவாகிறது.

முற்றம் வீட்டுக்குள் இருப்பதாயிற்றே என்பார்கள். தஞ்சாவூரில் முள்ளிவாய்க்கால் முற்றம் என்று பொது நினைவிடத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். தனித்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஊர்முற்றம் என்று சொல்லலாம், நகர்முற்றம் என்றும் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளர்களோடு என் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. இத்தாலியத்தில் 'கொமூனே' என்பது ஊராட்சியோ நகராட்சியோ, அதைக் 'கம்யூன்' என்று எழுதிப் படிப்பவரைப் பாரிஸ் புரட்சிக்கு அனுப்புகிறார்கள். குடும்பச் சண்டையைப் 'பியாட்சாவில் வைத்தாள்' என்று இத்தாலியர் சொன்னால், "சதுக்கத்தில் வைத்தாள்" என்றுதான் இவர்கள் எழுதுவார்கள் என்று அஞ்சுகிறேன். தமிழில் அதற்குச் சொல் அச்சு அசலாக இருக்கிறது: அம்பலப்படுத்தினாள். அம்பலமும் ஊர்ப்பொதுவிடம்தானே. சொல் மட்டுமல்ல, அதன் பின்னால் இருக்கும் நினைப்பும் இரண்டு மொழியிலும் ஒன்று. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரு நிமிடம் யோசித்தால் போதும், கையில் வந்துவிடும்.

அந்தத் துணைத்தலைப்பில் இருக்க வேண்டிய வரி இது: "விஜேவனோவின் கோமகன் முற்றம், மூன்று பக்கம் தாழ்வாரம், நான்காம் பக்கம் பேராலயம்."