ஆன்லைன் ரம்மியில் பிடித்த டிடிஎஸ்: "12 லட்சத்துக்குள்தானே" என்று ரீஃபண்ட் கேட்கும் முன்

ஜூலை பிறந்துவிட்டால் சேலத்தில் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்கும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "சார், ரம்மியில ஜெயிச்ச காசுல 30 பெர்சென்ட் பிடிச்சுட்டாங்க. எனக்கு வருமானம் 12 லட்சத்துக்குக் கீழதான். ரீஃபண்ட் போட்டுக் குடுங்க." சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர், கொண்டலாம்பட்டி விசைத்தறிக்காரர், ஏற்காடு எஸ்டேட் கணக்குப்பிள்ளை, கல்லூரி மாணவர் என்று ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. கேட்பவர்கள் மீது கோபமில்லை. "முழுசா வாங்கித் தர்றேன், கமிஷன் மட்டும் குடுங்க" என்று ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார்களே, கோபமெல்லாம் அவர்கள் மீதுதான். நோட்டீஸ் வந்தபிறகு அவர்கள் போனை எடுப்பதில்லை. இந்த வருடம் இது அளவு மீறிப் போய்விட்டது.

முதலில் அந்த 12 லட்சம். "12 லட்சம் வரை வரி இல்லை" என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 2025-26 நிதியாண்டில், புதிய வரிமுறையில், 4 லட்சத்துக்கு மேல் ஸ்லாப்படி, அதாவது வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும்படி, வரி போடுகிறார்கள். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், போட்ட அந்த வரியை 87ஏ பிரிவின் கீழ் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்கிறார்கள். தள்ளுபடி ஸ்லாப் வரிக்கு மட்டும்தான். தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்கு அது கிடையாது. ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 115பிபிஜே என்று தனிப் பிரிவே இருக்கிறது, 2023-24 நிதியாண்டிலிருந்து. நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. அடிப்படை விலக்கு 4 லட்சம் இதற்கு இல்லை. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் இல்லை. எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எதையும் இதில் கழிக்க முடியாது. சம்பளமே இல்லாத மாணவன் 20,000 ஜெயித்தாலும் 6,240 ரூபாய் வரி உண்டு.

கணக்காகவே பாருங்கள். ஒருவருக்கு வருடச் சம்பளம் 9 லட்சம், ரம்மியில் நிகரமாக 80,000. சம்பளத்தில் 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் போக 8,25,000. இதற்கான வரி முழுக்கத் தள்ளுபடியாகிவிடும். 80,000-க்கு 24,000 வரி, 960 செஸ், மொத்தம் 24,960. கம்பெனி டிடிஎஸ்ஸாக, அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியாக, பிடித்தது 24,000. டிடிஎஸ்ஸில் செஸ் சேராது. ஆக இவருக்கு ரீஃபண்ட் வராது, இவர்தான் 960 ரூபாய் கட்ட வேண்டும். "பிடிச்சுட்டாங்கள்ல, அதோட முடிஞ்சுது" என்று ரிட்டர்னில் காட்டாமல் விடுவதும் இதேபோல் தப்பு.

முறையான ஒரு சின்ன வழி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, வெற்றித் தொகையையும் சேர்த்து மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால், 12,500 ரூபாய் வரையிலான பழைய 87ஏ தள்ளுபடி இந்த வரிக்கும் கிடைக்கும். ஜவுளிக்கடையில் மாதம் 15,000 சம்பளம் வாங்குபவர் 60,000 ஜெயித்திருந்தால், புதிய முறையில் வரி 18,720. பழைய முறையில் 18,000-ல் 12,500 போய் 5,500, செஸ் சேர்த்து 5,720. பிடித்த 18,000-ல் 12,280 அவருக்குத் திரும்பி வரும். ரிட்டர்ன் கெடுவுக்குள், சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31, ஃபைல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தொழில் வருமானம் உள்ளவர்கள் 10-ஐஇஏ படிவமும் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு நேர்மையாகக் கிடைக்க வேண்டிய பணத்தைத்தான் கமிஷன்காரர்களின் அவசரம் கெடுக்கிறது.

அடுத்து, தோற்ற பணம். "ஜெயிச்சது 2 லட்சம், தோத்தது 5 லட்சம், இதுல வரி வேறயா?" என்ற வேதனை நியாயமானது. பாதிக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்ததைக் கூட்டி வரி போடுவதில்லை. வருமான வரி விதி 133-ன்படி, ஒரு கம்பெனியில் வருடம் முழுக்க வெளியே எடுத்த தொகையோடு மார்ச் 31 அன்று வாலட்டில் கிடக்கும் பாக்கியைக் கூட்டுங்கள். அதிலிருந்து நீங்கள் போட்ட டெபாசிட்டையும், ஏப்ரல் 1 அன்று வாலட்டில் இருந்த ஆரம்ப இருப்பையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நிகர வெற்றி. மைனஸில் வந்தால் பூஜ்யம், அவ்வளவுதான். அந்த மைனஸைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. டெபாசிட் கடன் வாங்கிப் போட்டதாக இருந்தாலும் டெபாசிட்தான், ஆனால் லோன் ஆப்புக்குக் கட்டிய வட்டியைக் கழிக்க வழியில்லை. கம்பெனி கொடுத்த போனஸ், ரெஃபரல் பணம் எல்லாம் நீங்கள் போட்ட டெபாசிட் ஆகாது. அது வெளியே வரும்போது வெற்றியோடு சேர்ந்துவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் உண்மையிலேயே பணத்தை விடுகிறார்கள். ஒருவர் ஏப்ரலில் 40,000 போட்டார், மே மாதம் 90,000 எடுத்தார். அந்த நிமிடத்தில் நிகர வெற்றி 50,000, கம்பெனி 15,000 டிடிஎஸ் பிடித்துவிட்டது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மறுபடி 50,000 போட்டு அத்தனையும் போய்விட்டது. வருடக் கணக்கு: எடுத்தது 90,000, போட்டது 90,000, நிகரம் பூஜ்யம். வரியும் பூஜ்யம், பிடித்த 15,000 முழுக்க அவருடையது. ஆனால் ஏஐஎஸ்ஸில் (உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள வருடாந்தரத் தகவல் அறிக்கை) 194பிஏ என்ற ஆன்லைன் விளையாட்டு டிடிஎஸ் தலைப்பில் 50,000 வெற்றி என்றே நிற்கும். வெறும் வாயால் "தோத்துட்டேன்" என்றால் துறை ஏற்காது. கம்பெனியின் டிரான்ஸாக்ஷன் ஸ்டேட்மென்ட் வேண்டும்: தேதிவாரியாக டெபாசிட், வித்டிராயல், போனஸ், ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு ஐந்தும் உள்ளது. அதை வைத்து ஏஐஎஸ்ஸில் மறுப்பைப் பதிவு செய்துவிட்டு, கணக்கு போட்ட தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ரீஃபண்ட் கேளுங்கள். கேள்வி வரும், வந்தால் பதில் கையில் இருக்கும்.

அந்த ஸ்டேட்மென்ட்டை இன்றைக்கே இறக்கி வையுங்கள். ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததும், பெரிய கம்பெனிகள் பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவிட்டன. கம்பெனி ஆப்பையே மூடிவிட்டால் பழைய கணக்கை எடுப்பது கஷ்டம். வாலட்டில் கிடந்த மிச்சத்தை எடுத்தபோது, "என் காசைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு எதுக்கு டிடிஎஸ்?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். அதற்கும் விதி 133 கணக்குதான். அதில் முந்தைய மார்ச் 31 அன்று வரி பிடித்து விட்டுவைத்த இருப்பு இருந்தால், இந்த வருடம் அதை ஆரம்ப இருப்பாகக் கழித்தே ஆக வேண்டும். கழிக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு தடவை வரி கட்டுகிறீர்கள்.

ஒரு கம்பெனியில் தோற்றதை இன்னொரு கம்பெனியில் ஜெயித்ததில் கழிக்கலாமா? கழிக்காதீர்கள் என்றே சொல்வேன். டிடிஎஸ் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனி. கேரளா போய் வாங்கிய லாட்டரிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் இந்த நிகரக் கணக்கே கிடையாது. அது 115பிபி, டிக்கெட் காசைக்கூடக் கழிக்க முடியாது.

தயவுசெய்து அம்மா அப்பாவின் பான் கார்டில் ஆடாதீர்கள். மகன் ஆடியது, டிடிஎஸ் நிற்பது தறிக்கூலி வாங்கும் அம்மாவின் 26ஏஎஸ் என்ற வரிப்பிடித்தக் கணக்கில். அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே நோட்டீஸ் வந்தால்தான் தெரிகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிய குடும்பம் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் மகளிர் உரிமைத்தொகைக்கும் சிக்கல். வீட்டில் பான் எண் உள்ள ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை ஏஐஎஸ்ஸைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

டெலிகிராம் குரூப்பில் லிங்க் வாங்கி ஆடும் வெளிநாட்டு ஆப்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்றாகாது. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு. ஜெயித்த பணம் யார் யாரோ பெயரிலுள்ள கணக்குகளிலிருந்து யுபிஐயில் வரும். அதில் ஒரு கணக்கு மோசடி வழக்கில் இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கையும் சேர்த்து முடக்குவார்கள். வரித்துறை கேட்கும்போது எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு 115பிபிஇ பிரிவு: 60 சதவீதம் வரி, அதன்மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், செஸ், ஆக 78 சதவீதம். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை இந்த வரவுகளுக்கு விட்டுக்கொடுத்த மாணவர்களே, அது வரிப் பிரச்சினை மட்டுமல்ல, கிரிமினல் வழக்கு.

ரிட்டர்ன் போடும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் ஆகாது. சம்பளக்காரர் ஐடிஆர்-2, தொழில் செய்பவர் ஐடிஆர்-3. வெற்றித் தொகை 'அதர் சோர்சஸ்' அட்டவணையில் 115பிபிஜே என்ற இடத்தில் வர வேண்டும், சும்மா "மற்ற வருமானம்" என்று எழுதினால் ஸ்லாப்பில் போய் விழும். டிடிஎஸ்ஸை மட்டும் கேட்டு வருமானத்தைக் காட்டாமல் விட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வரும், பதிலுக்கு 15 நாள். ரிட்டர்னைப் பரிசீலிப்பது பெங்களூரு மையம். சேலம் ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறார் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே தப்பாக ரீஃபண்ட் வாங்கியிருந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்க வேண்டாம். கெடு இருந்தால் ரிவைஸ்ட் ரிட்டர்ன். தாண்டிவிட்டால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன்: வாங்கிய ரீஃபண்டையும் வட்டியையும் திருப்பிக் கட்டி, அதோடு கூடுதல் வரியாக முதல் வருடம் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். வருமானத்தைத் திரித்துக் காட்டியதாகத் துறை பிடித்தால் அபராதமே வரியைப்போல் இரண்டு மடங்கு.

கமிஷன்காரர் கையில் ரிட்டர்ன் கொடுத்தவர்கள் இன்னொன்றையும் செய்யுங்கள். போர்ட்டலில் உள்ளே போய் ப்ரொஃபைலில் இருக்கும் ஈமெயிலும் போன் நம்பரும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடையதாக இருக்கும், நோட்டீஸும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள்.