ஒரே கறுப்பு, ஒரு சட்டை மட்டும் ஏன் எடுப்பாகத் தெரிகிறது?

“லோகோ, வேலைப்பாடு எதுவும் இல்லாத வெறும் கறுப்புச் சட்டைதான். ஆனாலும் சிலருடையது பார்த்தவுடனே விலை கூடியது என்று தெரிந்துவிடுகிறது. அதே கறுப்பில் இன்னொன்று, புதிதாக இருந்தாலும் மட்டமாகத் தெரிகிறது. இதற்கு அறிவியல் காரணம் ஏதாவது உண்டா?” வாசகர் ஒருவரின் கேள்வி இது.

உண்டு. அளவுப் பொருத்தத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார். மீதிக் கதை துணியின் மேல் விழும் ஒளியில் இருக்கிறது.

வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பும், சொரசொரப்பான பரப்பு நாலாபக்கமும் சிதறடிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். சாயம் தோய்ந்த துணியில் இன்னொன்றும் நடக்கிறது. ஒளி இழைக்குள் போனால்தான் சாயம் அதை விழுங்க முடியும். துணியின் மேல் நுண்ணிய இழைமுனைகள் ரோமம் போல நீட்டிக்கொண்டிருந்தால், ஒளியில் ஒரு பகுதி உள்ளே போகாமலே அவற்றில் பட்டுச் சிதறித் திரும்பிவிடுகிறது. அந்த ஒளியில் சாயத்தின் நிறம் இல்லை, வெறும் வெள்ளைதான். கறுப்போடு வெள்ளை கலந்தால் சாம்பல். மட்டமாகத் தெரிகிற கறுப்புச் சட்டையில் சாயம் நன்றாகவே ஏறியிருக்கலாம். சாயத்தின் மேல் வெள்ளை ஒளியாலான ஒரு மெல்லிய திரை விழுந்திருக்கிறது.

வெளுத்துப்போன ஒரு கறுப்புத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, பருத்திக்கு 1.5-க்குச் சற்று மேல். இந்த இடைவெளி பெரிது என்பதால் ஒவ்வோர் இழையின் விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. தண்ணீரின் எண் 1.33. இழைகளுக்கு நடுவே காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்து உட்கார்ந்ததும் சிதறல் குறைகிறது, ஒளி ஆழமாகப் போகிறது, சாயத்துக்குத் தீனி கிடைக்கிறது. அந்த ஈரப் பொட்டில் தெரியும் ஆழ்ந்த கறுப்பைத்தான் நல்ல துணி காய்ந்த நிலையிலேயே காட்டுகிறது.

அப்படியானால் ரோமத்தைக் குறைக்க வேண்டும். முதல் வழி நீள இழை. உலகில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. மிக நீள இழைப் பருத்தி 34 மில்லிமீட்டரைத் தாண்டும். இழை நீளமானால் ஒரு மீட்டர் நூலில் இழைமுனைகளின் எண்ணிக்கை குறையும், வெளியே நீட்டுவதும் குறையும். துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே மடித்துப் பிடித்து, மடிப்பின் விளிம்பைப் பாருங்கள். அங்கே புகைபோல ரோமம் தெரிந்தால் லேபிள் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். நூல் எண்ணிக்கையை (ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் என்ற கணக்கை) பெரிதாக அச்சடித்தால் துணி உயர்ந்தது என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வைப்பேன். முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணியே அந்த எண்ணைப் பெருக்கிக் காட்டிவிடலாம்.

இரண்டாவது வழி, இழையின் வடிவத்தையே மாற்றுவது. இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. அதற்குப் பருத்தி இழையின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பருத்தி இழை என்பது ஒரே ஒரு செல். விதையின் தோலிலிருந்து கிளம்பி, தன் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளும் செல். நீண்டு முடித்ததும் உள்பக்கச் சுவரில் செல்லுலோஸை, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகளாலான பொருளை, அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது. செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுருளாக ஓடுகின்றன, நடுநடுவே வலச்சுருள் இடச்சுருளாக மாறுகிறது. காய் வெடிக்கும் வரை இது நீர் நிரம்பிய உருண்ட குழாய். வெடித்ததும் செல் செத்துக் காய்கிறது. உள்ளே அழுத்தம் போனதும் தண்ணீரை நிறுத்திய தீயணைப்புக் குழாய் போலத் தட்டையாகச் சரிகிறது. சுவரில் சுருள் இருப்பதால் நேராகச் சரியாமல், இப்படியும் அப்படியுமாக முறுக்கிக்கொள்கிறது. இந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன. ஆனால் ஒளிக்கு இது தொல்லை. முறுகிய நாடா ஒவ்வொரு திருப்பத்திலும் ஒளியை வேறு வேறு பக்கம் வீசும்.

1844-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் மெர்சர் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். கைத்தறி நெய்த, தானாகவே வேதியியல் கற்றுக்கொண்ட மனிதர். வடிகட்டிய துணி சுருங்கித் தடித்திருந்தது, சாயத்தையும் கூடுதலாக இழுத்தது. 1850-இல் காப்புரிமை வாங்கினார். சுருக்கம் காரணமாக ஆலைகள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை. சுமார் 40 ஆண்டுகள் கழித்து ஹொரேஸ் லோ என்பவர், துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடியே சோடாவில் நனைத்தார். துணி பட்டுபோல மினுங்கியது!

உள்ளே நடப்பது இதுதான். 20 சதவீதத்தை ஒட்டிய சோடாக் கரைசலில், நீரைச் சுமந்த சோடியம் அயனிகள் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே நுழைகின்றன. சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்த ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற மெல்லிய கட்டுகள் அறுகின்றன. சுவர் ஊதி நடுத்துளையை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது, முறுக்கு அவிழ்கிறது, தட்டை நாடா மறுபடி உருண்டையாகிறது. காயில் இருந்தபோது இழைக்கு இருந்த வடிவம் ஏறக்குறையத் திரும்பி வந்துவிட்டது! சோடாவைக் கழுவி எடுத்த பிறகு சங்கிலிகள் பழைய வரிசைக்குப் போவதில்லை. அதைவிட நிலையான வேறொரு வரிசையில் அமர்கின்றன. ஆகவே இந்த மினுக்கம் மேலே தடவிய மெருகு இல்லை, துவைத்தாலும் போகாது. லேபிளில் ‘மெர்சரைஸ்டு’ என்று இருந்தால் பொருள் இதுதான்.

சட்டை கசங்கிச் சுருக்கம் விழுவதும் அதே ஹைட்ரஜன் பிணைப்புகளின் வேலை. ஈரமும் மடிப்பும் சேர்ந்து அவற்றை அறுக்கும், மடங்கிய நிலையிலேயே அவை மறுபடி கோத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியின் சூடும் ஆவியும் அறுத்து, நேரான நிலையில் கோக்க வைக்கும். அதனால் இஸ்திரி போட்ட சூட்டோடு சட்டையை மாட்டிக்கொள்ளாதீர்கள். ஹேங்கரில் ஆறட்டும், பிணைப்பு இறுகட்டும். இந்தச் சங்கிலிகளைக் குறுக்குப் பிணைப்புகளால் கட்டி, கசங்காத பருத்திக்கு வழிசெய்தவர்களில் முக்கியமானவர் வேதியியலாளர் ரூத் பெனரிட்டோ. அவர் வேலை பார்த்தது நியூ ஆர்லியன்ஸில், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில். “துணிக்கெல்லாம் ஆராய்ச்சியா?” என்று நிதியை வெட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உலகத்தில் எல்லாரும் தினமும் தொடுகிற பொருள் இது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கறுப்புப் பேன்ட்டின் முட்டியிலும் மடிப்பிலும் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு வருமே, அது வேறு. சூடான பெட்டி நேரடியாக அழுத்தும்போதும் தேய்மானத்திலும் இழைகள் நசுங்கிக் குட்டிக் குட்டிக் கண்ணாடிப் பரப்புகள் ஆகிவிடுகின்றன. மெர்சரைஸ் செய்த துணியின் மினுக்கம் உருண்ட இழையில் மெதுவாகப் படரும், இது பட்டென்று கண்ணில் அடிக்கும். துணியை உள்பக்கம் திருப்பியோ, மேலே ஈரத்துணி விரித்தோ தேய்த்தால் இது வராது. கம்பளித் துணியில் வந்துவிட்டால் ஆவி காட்டி மென்மையாகத் தூரிகை போட்டால் பெரும்பாலும் சரியாகும். பாலியெஸ்டரில் இழையே உருகிப் படிந்திருந்தால் திரும்பாது.