ஈரம் காய்வதற்குள் கொண்டுவாருங்கள்: கூடுதல் ஒயரிங் செய்த வண்டிகளில் வரும் கோளாறு

மழை பெய்தால் ஹாரன் தானாக அலறுகிறது. வண்டியைக் கழுவினால் மறுநாள் பேட்டரி இறங்கிவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிகிறது. இப்படிப்பட்ட புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வாங்கின பிறகு வண்டியில என்னென்ன சேர்த்தீங்க?” என்பதுதான். ஆக்ஸிலரி லைட், பெரிய ஹாரன், ரிவர்ஸ் கேமரா, ஆம்ப்ளிஃபயர், டிரெய்லர் சாக்கெட், அலாரம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முன்பு வைத்திருந்தவர் எதையோ மாட்டி, பிறகு கழற்றி, ஒயரை மட்டும் விட்டுப் போயிருப்பார். அது மட்டும் யார் நினைவுக்கும் வராது.

இரண்டாவது கேள்வி, “காய வச்சீங்களா?” பெரும்பாலும் வைத்திருப்பார்கள். வெயிலில் நிறுத்தி, ஹேர் டிரையர் போட்டு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் வண்டியைக் கொண்டுவருவார்கள். தேட வேண்டிய தடயத்தை நல்ல எண்ணத்தோடு அழித்துவிட்டு வருகிறார்கள். புகை, கருகல் வாடை, சூடு ஏதாவது இருந்தால் ஓட்டாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஈரத்தோடேயே காட்டுங்கள்.

காய்ந்தால் சரியாகிவிட்டது என்று ஏன் நம்பக் கூடாது? சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. சாலைத் தண்ணீரில் கலந்திருக்கும் உப்பும் அழுக்கும்தான் கடத்துகின்றன. தண்ணீர் ஆவியானாலும் அந்த உப்பு கனெக்டருக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை விடியற்காலைப் பனியே அதற்குப் போதும். காலையில் மக்கர் செய்து வெயில் ஏறியதும் சரியாகும் கோளாறுகளுக்குப் பல நேரம் இதுதான் காரணம். அதோடு, பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயரில் 12 வோல்ட் எப்போதும் நிற்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பாசிட்டிவ் பின்னின் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை பூக்கும். விளக்கைப் போடாமலே வைத்திருந்தாலும் இது நடக்கும்.

கம்பெனி ஒயரிங்கில் எஞ்சின் பக்கம் இருக்கும் கனெக்டர்களில் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் சீல் இருக்கும். நாம் சேர்ப்பதில் என்ன இருக்கிறது? இன்சுலேஷனை வெட்டிக்கொண்டு கடிக்கும் கிளிப், அல்லது முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி விலகும். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அங்கிருந்து திரி எண்ணெயை இழுப்பதுபோல செம்பு இழைகள் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். ஜாயின்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அறுத்துப் பார்த்தாலும் செம்பு கறுத்திருப்பதைப் பார்க்கலாம். வெளியே உறை பளபளவென்றுதான் இருக்கும். சந்தேகமான ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர்போல நீண்டால், உள்ளே செம்பு அற்றுப்போயிருக்கிறது.

சூடான விளக்கு தேங்கிய நீரில் முங்கும்போது சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) இருக்கும் ரப்பர் கிரோமெட்டை, அதாவது ஒயர் நுழையும் துளையை அடைக்கும் வளையத்தை, ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஒயரை நுழைத்திருந்தால், அந்த ஒயரே மழைநீருக்கு வாய்க்கால். நேராக ஃபியூஸ் பாக்ஸ் தலையில் போய்ச் சொட்டும். நுழையும் இடத்துக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோயிருந்தால் நீர் அங்கேயே சொட்டிப் போயிருக்கும்.

தேடும்போது மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தை நம்பாதீர்கள். நூறு இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது பீப் அடிக்கும். லோடு ஓடும்போதுதான் உண்மை தெரியும். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர். விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த் முனையிலும் (மின்னோட்டம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம்) வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் பாதையில் கோளாறு இருக்கிறது. ஒரு ஜாயின்ட்டில் மட்டும் 1 வோல்ட் விழுந்தால், அந்தச் சின்ன இடத்தில் 9 வாட் சூடு. பிளாஸ்டிக் இளக அது போதும். ஃபியூஸ் போகவே போகாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. “ஃபியூஸ் இருக்கே, என்ன பயம்?” என்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பிரேக்கும் இண்டிகேட்டரும் குழம்பினால் விளக்கின் எர்த்திலிருந்து பாடிக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுத்துப் பாருங்கள். குழப்பம் தீர்ந்தால் எர்த்தான் குற்றவாளி. விளக்கை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

பேட்டரி இறங்குகிறதென்றால் நெகட்டிவ் கேபிளோடு மீட்டரைத் தொடராக மாட்டி, வண்டியைப் பூட்டி, உள்ளிருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கும்வரை அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். பொதுவாக மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அடங்கிய பிறகு சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் தெளியுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடமும் நனைந்துவிடும். எது காரணம் என்று பிரிக்க முடியாது. பிரஷர் வாட்டர் வேண்டவே வேண்டாம், நன்றாயிருந்த சீலுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். கம்பெனி ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மின் கசிவு தொடர்ந்தால், சந்தேகம் நேராகப் பேட்டரியில் மாட்டிய கூடுதல் லைன்மீதுதான். ஆல்டர்னேட்டர் போன்ற இரண்டொரு நேரடி இணைப்புகளையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரிலோ, ஹைப்ரிட், மின் வண்டிகளின் ஆரஞ்சு கேபிளிலோ கை வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர் வேலை.

சரிசெய்யும்போது, பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். நல்ல கிரிம்ப் (ஒயர்களை நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்) போட்டு, உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள். ரிலே சாக்கெட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பேஸ்ட்டை ஜாயின்ட்டில் அப்பாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலமே செம்பை அரிக்கும். தண்ணீரைத் தடுக்க நினைத்து இதை அப்பிய வண்டிகள் இன்னமும் வருகின்றன.

எதையாவது கழற்றச் சொன்னால் ஒயரையும் பேட்டரி முனைவரை உருவி எடுக்கச் சொல்லுங்கள். நுனியில் டேப் சுற்றி உள்ளே செருகிவிட்டு “அது சும்மாதான் கிடக்கும்” என்றால், பேட்டரிப் பக்கத்து முனை கழற்றப்பட்டிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.