காரிமங்கலத்தில் இரண்டு, கிருஷ்ணகிரியில் ஒன்பது

சென்ற தை மாதம் கிருஷ்ணகிரியில் எங்கள் தோப்பில் ஒரு மாம்பூங்கொத்தைப் படம் பிடித்து மாஸ்டடான் என்ற சமூக வலைப்பின்னலில் இட்டேன். பூக்காம்பை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தன. கீழ் இலைகள் தேன் தடவியதுபோலப் பிசுபிசுத்தன. இரண்டொரு இலைகளில் கரும்பூசணமும் படியத் தொடங்கியிருந்தது. தத்துப்பூச்சிதானா, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் ஒன்பது பதில்கள் வந்துவிட்டன.

காரிமங்கலத்தில் தோப்பு வைத்திருக்கும் நண்பருக்கும் அதே தொல்லை. பதில்களைப் படித்துப் பாருங்கள் என்று போனில் சொன்னேன். "அண்ணா, படம் வந்திருக்கிறது. ஆனால் அதன் கீழே இரண்டே பதில்கள்தான் இருக்கின்றன" என்றார். பக்கத்தை மூடித் திறந்து பார்த்தார். அப்போதும் இரண்டுதான். என் திரையில் ஒன்பது.

இரண்டு திரைகளும் சரியாகத்தான் இருந்தன. எப்படி என்று புரிந்துகொண்டால், மையமில்லாத சமூக வலைப்பின்னல்கள் எப்படி இணைகின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதும் புரிந்துவிடும்.

ஃபேஸ்புக்கில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. எல்லாருடைய பதிவுகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே கணக்கேட்டில் ஏறுகின்றன. நாம் பார்ப்பதெல்லாம் அந்த ஏட்டின் பக்கங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜன் ரோஷ்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடானில் அப்படிப்பட்ட பொது ஏடு கிடையாது. அது ஓர் இலவச மென்பொருள். விருப்பமும் கொஞ்சம் பணமும் உள்ள எவரும் அதை ஒரு சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியில், நிறுவி நடத்தலாம். இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் இயங்குகின்றன; ஒவ்வொன்றும் தன் ஏட்டைத் தானே எழுதிக்கொள்கிறது. என் கணக்கு ஒரு சர்வரில், நண்பரின் கணக்கு வேறொன்றில். அதனால் முகவரியும் மின்னஞ்சல் போல இரண்டு பகுதிகளாக இருக்கும்: ஆளின் பெயர், பிறகு அவர் குடியிருக்கும் சர்வரின் பெயர்.

வேறு சர்வரில் இருக்கும் ஒருவரை நான் பின்தொடர விரும்பினால் என்ன நடக்கிறது? முதலில் என் சர்வர் அவருடைய சர்வரிடம், "இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் உண்டா?" என்று கேட்கிறது. இந்த விசாரிப்புக்கு வெப்ஃபிங்கர் என்று பெயர். உண்டு என்றால் அவரைப் பற்றிய சிறு குறிப்பு வருகிறது. அவருடைய பெயர், படம், அவருக்கு வருவதைப் போட வேண்டிய இன்பாக்ஸின் முகவரி, கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி எல்லாம் அதில் இருக்கும். அடுத்து, "எங்கள் ஆள் உங்கள் ஆளைப் பின்தொடர விரும்புகிறார்" என்ற மடலை என் சர்வர் அந்த இன்பாக்ஸில் போடுகிறது. மடலில் என் கணக்குக்குரிய ரகசியச் சாவியால் இட்ட மின்கையெழுத்து இருக்கும். எதிர்ச் சர்வர் என் பொதுச் சாவியை எடுத்து அதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால்தான் மடலை ஏற்கும். என் பெயரில் வேறொரு சர்வர் எழுதிவிட முடியாது. பிறகு "சம்மதம்" என்று ஒரு மடல் திரும்பி வருகிறது.

அன்றிலிருந்து அவர் எழுதும் ஒவ்வொரு பொதுப் பதிவின் நகலும் என் சர்வரின் வாசலுக்கு வந்துவிடும். என் சர்வரில் முந்நூறு பேர் அவரைப் பின்தொடர்ந்தாலும் ஒரு நகலே போதும். உள்ளே பங்கிட்டுக்கொள்வது என் சர்வரின் வேலை. என் சர்வர் மின்வெட்டில் படுத்திருந்தால் அந்தப் பக்கம் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயலும். இந்த மடல் போக்குவரத்துக்கான இலக்கணம் ஆக்டிவிட்டிபப். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2018 ஜனவரியில் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. அந்த இலக்கணத்தில் பேசுவதால்தான், வீடியோவுக்கான பியர்ட்யூபும் படங்களுக்கான பிக்சல்ஃபெடும் மாஸ்டடானோடு உரையாடுகின்றன.

எங்கள் பக்கத்து நெடுங்கல் தடுப்பணையில் தென்பெண்ணைத் தண்ணீர் வாய்க்காலில் பிரிந்து பாரூர் பெரிய ஏரிக்குப் போகும். வாய்க்கால் வெட்டாத ஏரிக்கு ஆற்றில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும் சொட்டு நீர் சேராது. பின்தொடர்வது என்பது வாய்க்கால் வெட்டுவதுதான். நண்பர் என்னைப் பின்தொடரவில்லை. அவருடைய சர்வரில் வேறு எவரும் என்னைப் பின்தொடரவும் இல்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் மறுபகிர்வு செய்ததால் என் படம் மட்டும் அங்கே போயிற்று. பதில் எழுதிய ஒன்பது பேரும் என்னை விளித்து எழுதியதால் ஒன்பதும் என் சர்வருக்கு வந்தன. அவர்களில் இருவருக்குத்தான் நண்பரின் சர்வரில் வாசகர்கள் இருந்தார்கள். மீதி ஏழு பேரின் சொற்கள் அங்கே போக வழியே இல்லை. அண்மைய மாஸ்டடான் பதிப்புகள் இப்படி விடுபட்ட பதில்களைத் தாமே தேடிப்போய் எடுத்துவருகின்றன. நண்பரின் சர்வர் இன்னும் பழைய பதிப்பில் ஓடுகிறது.

ஆக, இந்த வலைப்பின்னலின் முதல் எல்லை யாரும் திட்டமிட்டுப் போட்டதல்ல. கேட்காதது வராது, அவ்வளவுதான். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை சர்வருக்குச் சர்வர் மாறுவதும், ஒரு சொல்லைத் தேடினால் சிறிய சர்வரில் கொஞ்சமே அகப்படுவதும் இதனால்தான். முழுப் படம் என்று ஒன்று எந்தக் கணினியிலும் இல்லை.

இரண்டாவது எல்லை, தெரிந்தே இறக்கும் மதகு. தொல்லை தரும் இன்னொரு சர்வரின் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கவோ, தொடர்பை அடியோடு துண்டிக்கவோ ஒவ்வொரு சர்வரின் நிர்வாகிக்கும் அதிகாரம் உண்டு. 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் என்ற தளம் மாஸ்டடானின் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. மென்பொருள் எல்லாருக்கும் பொது என்பதால் யாராலும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மிகப் பல சர்வர்கள் தத்தம் மதகை இறக்கின. கேப் தனித்து நின்றது. 2023இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் இந்த வலைப்பின்னலில் சேரப்போவதாகச் சொன்னபோதும் சில சர்வர்கள் முன்கூட்டியே கதவடைத்தன, சில வரவேற்றன. நான் இதை இந்த அமைப்பின் பெரிய பலமாகக் கருதுகிறேன். வேண்டாதவரை ஊரைவிட்டே விலக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்தும் உரிமை எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் நிர்வாகி கதவைச் சாத்தினால் அந்தப் பக்கத்தில் உள்ள நம் நண்பர்களும் சேர்ந்து மறைந்துபோகிறார்கள். கணக்குத் தொடங்குமுன் அந்தச் சர்வரின் விதிகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அழிப்பதற்கும் எல்லை உண்டு. ஒரு பதிவை நான் அழித்தால், "இதை நீக்கிவிடுங்கள்" என்ற மடல் மற்ற சர்வர்களுக்குப் போகும். அது வேண்டுகோள் மட்டுமே. கேட்காத சர்வரில் நகல் தங்கிவிடும். தனி மடலும் மறைகுறியிட்டுப் பூட்டப்படுவதில்லை. இரு பக்கத்து நிர்வாகிகளும் நினைத்தால் படிக்கலாம். ஆகவே வங்கி விவரம், மருத்துவச் சீட்டு எதையும் அதில் அனுப்பாதீர்கள்.

என்னை வருத்திய எல்லை வேறு. நான் முதலில் இருந்த சர்வரைத் தனி ஒருவர் சொந்தச் செலவில் நடத்திவந்தார். தாங்க முடியாமல் நிறுத்தப்போவதாக அறிவித்தார். புதிய சர்வருக்குக் குடிபெயர்ந்தேன். பழைய கணக்கு "இவர் அங்கே போய்விட்டார்" என்று மடல் அனுப்ப, பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு மாறினார்கள். பதிவுகள் வரவில்லை. மூன்று ஆண்டுகளின் மழைக் குறிப்புகளும் பூ விட்ட தேதிகளும் அங்கேயே நின்றுவிட்டன. முன்னறிவிப்பாவது கிடைத்ததே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்குரிய .af என்ற ஈற்றில் முடியும் இணையப் பெயரைக் கொண்டிருந்த ஒரு மாஸ்டடான் சர்வரின் பெயரைத் தாலிபான் அரசு முடக்கியது. பெயரே முகவரி என்பதால் அங்கிருந்த கணக்குகள் யாவும் அந்தரத்தில் நின்றன.

இந்தக் குறையைக் களையும் நோக்கில், புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைப்பின்னல் வேறு வழியில் போகிறது. ஏடி நெறிமுறை என்ற அதன் இலக்கணத்தில் ஆளின் அடையாளம் சர்வரோடு கட்டப்படவில்லை. பதிவுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு இடம் மாறலாம். ரிலே எனப்படும் கணினி எல்லாச் சர்வர்களின் பதிவுகளையும் ஓரிடத்தில் திரட்டுகிறது. அதிலிருந்து இன்னொரு சேவை நம் திரையை அமைத்துத் தருகிறது. அங்கே என் நண்பரும் ஒன்பது பதில்களையே பார்த்திருப்பார். ஆனால் அத்தனையையும் திரட்டித் திரை அமைத்துத் தருவது செலவு பிடிக்கும் வேலை. பெரும்பாலானோரின் கணக்குகள் இன்றும் புளூஸ்கை என்ற அந்த ஒரே நிறுவனத்தின் கணினிகளில்தான் இருக்கின்றன. இரண்டு இலக்கணங்களும் வேறு என்பதால் மாஸ்டடானும் புளூஸ்கையும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. பிரிட்ஜி ஃபெட் போன்ற பாலம் இருக்கிறது. விரும்பிச் சேர்பவர்களின் பதிவுகளை மட்டும் அது கடத்தும்.

அன்று மாலைக்கு வருகிறேன். நண்பருக்குப் போய்ச் சேராத ஏழு பதில்களில் ஒன்று, "பூ முழுவதும் விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மகரந்தம் சேர்க்க வரும் ஈயும் தேனீயும் செத்துப்போகும், பிறகு காய் பிடிக்காது" என்றது. அவரோ விடிந்ததும் அடிப்பதற்குத் தெளிப்பானைக் கழுவி வைத்திருந்தார். அந்தப் பதிலின் இணைப்பை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் அனுப்பி, மாஸ்டடானின் தேடல் பெட்டியில் ஒட்டச் சொன்னேன். யாராவது கேட்டால்தானே சர்வர் போகும். அவர் கேட்டார், போயிற்று. சில நொடிகள் சுற்றிவிட்டு, என் படத்தின் கீழே மூன்றாவது பதிலாக அது வந்து அமர்ந்தது.