நினைவுப் பொருளாகப் போன லைஃப் ஜாக்கெட்

52ஆம் வரிசை, ஜன்னலோர இருக்கை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்காலிட்டு, இருக்கைக்கு அடியில் கைவிட்டேன். உறை இருந்தது. அதன் வாயை மூடியிருக்க வேண்டிய நாடா பிய்ந்து தொங்கியது. உள்ளே லைஃப் ஜாக்கெட் இல்லை.

ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் நான் பராமரிப்புப் பொறியாளர். திருச்சியில் படித்துவிட்டு இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. காலையில் வந்திறங்கும் வெளிநாட்டு விமானங்களை மாலைக்குள் சோதித்து, பழுது இருந்தால் சரிசெய்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலை. அன்று வந்திருந்தது நான்கு என்ஜினும் மேலே ஒரு மாடியும் கொண்ட போயிங் 747. அந்த நிறுவனம் எங்கள் ஊருக்கு அனுப்பும் கடைசி 747 அதுதான். காலையில் வந்த பயணத்திலும் சரி, மாலையில் திரும்பும் பயணத்திலும் சரி, ஓர் இருக்கைகூடக் காலியில்லை. ஊருக்குப் போவதற்காக ஏறியவர்களைவிட, விமானத்துக்கு விடை கொடுப்பதற்காக ஏறியவர்கள் அதிகம்.

காலையில் இறங்கியவர்கள் வெறுங்கையோடு இறங்கவில்லை. பாதுகாப்பு விளக்க அட்டைகள் வரிசை வரிசையாகக் காணவில்லை. தலைசாய்க்கும் துணிகள் போயிருந்தன. ஓரிடத்தில் இருக்கை எண் பொறித்த தகட்டைக்கூட யாரோ கழற்றியிருந்தார்கள். நாணயத்தை வைத்துத் திருகியிருக்க வேண்டும், திருகின் தலையெல்லாம் கீறல். அந்தப் பொறுமைக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாம் என்று என் உதவியாளர் சொன்னார். சிரித்துக்கொண்டே எண்ணினோம். லைஃப் ஜாக்கெட் எட்டு குறைகிறது என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அட்டை இல்லையென்றால் வேறு அட்டை வைக்கலாம். தகடு இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டலாம். லைஃப் ஜாக்கெட்டுக்கு அப்படியெல்லாம் கிடையாது. கடலைக் கடந்து போகும் விமானத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தாக வேண்டும். ஜாக்கெட் இல்லாத இருக்கையில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. மாற்று ஜாக்கெட்டும் அதே வகையாக இருக்க வேண்டும். காலாவதி தேதி தாண்டியிருக்கக் கூடாது. அதற்குரிய சான்றிதழ் கூடவே வர வேண்டும். சான்றிதழ் இல்லாத உதிரிப்பாகம் என்னைப் பொறுத்தவரை குப்பை, அது நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தாலும் சரி. ஸ்டோரில் தேடி, பக்கத்து நிறுவனத்தில் கடன் வாங்கி, ஆறு சேர்த்தோம். மிச்சம் இரண்டு இருக்கைகளுக்குக் குறுக்கே நாடா ஒட்டி, உட்காரக் கூடாது என்று எழுதிவைத்தேன்.

இரண்டு பேர் இறங்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால், மறுநாள் பயணமும் ஓட்டல் அறையும் தருகிறோம் என்று அறிவித்தால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். அன்று ஒருவரும் தூக்கவில்லை. கடைசி விமானத்தை யார் விடுவார்கள்? முடிவில், கடைசியாகப் பதிவு செய்த இரண்டு பேரை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர், ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவிலிருந்து வந்த அம்மா. எழுபது வயதுக்குமேல் இருக்கும். மகளுக்குப் பிரசவ நேரம். பையில் எலுமிச்சை ஊறுகாய், அரைத்த மசாலாப் பொடி. இது 747 என்பதும் அவருக்குத் தெரியாது, கடைசி என்பதும் தெரியாது.

காகிதங்களோடு வாசலைக் கடந்தபோது என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "தமிழா தம்பி?" என்று கேட்டார். டர்பனில் பிறந்து, திருமணமாகி லெனேசியாவுக்கு வந்தவராம். பாட்டியிடம் கேட்ட தமிழ். கொஞ்சம் தடுக்கும், ஆனால் விடமாட்டார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதை எடுத்தவன் எங்கே நீந்தப் போகிறான்? ஜோகன்னஸ்பர்க்கில் கடல்கூட இல்லையே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்துக்குக் காரணம் உண்டு. பயிற்சி நாட்களில் நான் வேலை பார்த்த முதல் விமானத்தின் பாதுகாப்பு அட்டை ஒன்று இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாரையும் கேட்டு எடுக்கவில்லை.

விடை கொடுக்க வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த விமானத்துக்கு இந்த ஊரில் ஒரு தனிக் கதையே இருக்கிறது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் 1971ஆம் ஆண்டிலேயே 747 வாங்கிவிட்டது. இனவெறி ஆட்சிக்கு எதிராக ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வான்வெளியை மூடியிருந்ததால், ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் கண்டத்தின் மேற்குப் புடைப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்காகவே உடல் குட்டையான, ஆனால் நெடுந்தூரம் பறக்கும் 747எஸ்பி வகையை வாங்கினார்கள். 1976 மார்ச்சில் அப்படியொரு விமானம், அமெரிக்காவின் சியாட்டில் அருகேயிருந்து கேப் டவுன் வரை, சுமார் 16,500 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடந்து வந்தது. பொறியியலாக அது பெரிய சாதனைதான். ஆனால் லெனேசியா அம்மாவின் நினைவில் இருப்பது வேறு. அவருடைய அப்பா இந்தியாவுக்குப் போனது கரஞ்சா கப்பலில்: டர்பனில் ஏறி, பம்பாயில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு ரயில். "விமானமெல்லாம் அப்போது வெள்ளைக்காரர்களுக்கு" என்றார். ஒரே விமானத்தை இரண்டு வீடுகள் இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கின்றன.

கடைசிப் பயணம் என்று அறிவித்தவுடன் எங்கள் வட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அவ்வளவு பழசான விமானத்தில் ஏறலாமா? ஏறலாம். ஒரு வகை விமானம் ஓய்வு பெறுவதற்கு முதல் காரணம் எரிபொருள். 747இன் பிற்கால வகையான 747-400க்கு நான்கு என்ஜின். மணிக்குச் சுமார் 10 டன் எரிக்கும். இரண்டு என்ஜின் கொண்ட 777 கிட்டத்தட்ட அதே கூட்டத்தை அதைவிட வெகு குறைவான எரிபொருளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்தை எலும்புக்கூடு தெரிய உரித்துப் பார்க்கும் பெரிய சோதனை. அதற்கு வாரக் கணக்கில் நேரமும் ஏராளமான பணமும் வேண்டும். அடுத்த பெரிய சோதனை நெருங்கும்போதுதான் கணக்காளர்கள் பேனாவை எடுப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 747 இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கும் காரணம் உண்டு. எங்கள் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, என்ஜினின் உந்துசக்தி குறையும். இங்கிருந்து சிட்னிக்குப் போகும் தென்கடல் வழியில் அவசரமாக இறங்குவதற்கு நிலமே கிடையாது. நான்கு என்ஜின் இருந்தால் நிம்மதி என்று நினைத்த காலம் அது.

வயதான விமானத்தில் ஆபத்தே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், 19 வயதான ஒரு 737 விமானத்தின் கூரை நடுவானில் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அந்த விமானம் அதற்குள் ஏறக்குறைய 90,000 முறை ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் உடல் சற்று விம்மித் தணியும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல உலோகம் களைத்துவிடும். அதற்குப் பிறகு முதிய விமானங்களுக்கென்றே சோதனை விதிகள் கடுமையாயின. ஆகவே விமானத்தின் வயதைக் கேட்காதீர்கள். எத்தனை முறை ஏறி இறங்கியது, யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

விடை கொடுக்கும் பயணத்தில் எனக்குப் பயம் தருவது உலோகமில்லை, மனநிலை. சக்கரம் உருளத் தொடங்கிய பிறகும் படம் எடுக்க எழுந்து நிற்பார்கள். மாடிப் படிக்கட்டில் கூட்டம் சேரும். வெளியே தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் வளைவு போட்டு மரியாதை செய்யும்போது ஜன்னல் பக்கம் அத்தனை பேரும் சாய்வார்கள், இடுப்பில் பெல்ட் இருக்காது. இத்தனைக்கும் பணிப்பெண்களின் கண்களும் அன்று கலங்கித்தான் இருக்கும். அதட்ட மனம் வராது.

எங்கள் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஜூலை 10 அன்று பிரிட்டோரியாவின் வொண்டர்பூம் விமான நிலையத்திலிருந்து ஒரு பழைய கான்வேர் 340 கிளம்பியது. 1954இல் செய்த விமானம். நெதர்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகப் புது வண்ணம் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய சோதனைப் பறத்தல் அது. அதிலும் பயணிகள் இருந்தார்கள். கிளம்பியவுடன் இடது என்ஜினில் தீ. சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கியது. உயிர்கள் போயின. ஜன்னலோரம் இருந்த பயணியின் காமிராவில் என்ஜின் எரிவது முழுவதும் பதிவாகியிருக்கிறது. பயிற்சி வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுகிறேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழும்: சோதனைப் பறத்தலில் பயணிகளுக்கு என்ன வேலை?

ஜன்னல் வழியாக ஏதாவது தெரிந்தால் முதலில் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், பிறகு படம் எடுங்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் 47 பேர் இறந்த விபத்தில், வலது என்ஜினில் கோளாறு என்று விமானி அறிவித்தார். இடது பக்கம் நெருப்பு வந்ததைப் பின்னால் இருந்தவர்கள் பலர் பார்த்திருந்தார்கள். விமானிக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

விமானிகளுக்கும் ஆசை இருக்கும். கடைசியாக ஒருமுறை தாழப் பறக்கலாமே, இறக்கையை ஆட்டிக் காட்டலாமே என்று. அதற்கு உதாரணமாக எல்லோரும் 1995 ஜூன் 24ஐத்தான் சொல்வார்கள். ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டம், ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானம். கேப்டன் லாரி கே ஒரு 747ஐ மைதானத்தின் தலைக்குமேல் தாழக் கொண்டுவந்தார். இறக்கையின் அடியில் வீரர்களுக்கு வாழ்த்து எழுதியிருந்தது. இன்று பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அது முன்கூட்டித் திட்டமிட்டு, அனுமதி பெற்றுச் செய்தது. கடைசி நாளில் தொண்டை அடைக்கும்போது தோன்றிச் செய்ததில்லை.

அன்று மாலை எங்கள் 747இன் கேப்டன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். வழக்கமாகப் பத்து நிமிடம், அன்று அரை மணி நேரம். முன்சக்கரத்தின் அருகே நின்று டயரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வகைக்கென்றே பெற்ற தகுதி அவருடையது. அடுத்த மாதம் வேறு விமானத்துக்கு மாற, வகுப்பிலும் சிமுலேட்டரிலும் மாணவனாக உட்கார வேண்டும். மேலே வந்து பதிவேட்டைத் திறந்ததும், "இரண்டு வரி எழுதட்டுமா?" என்று கேட்டார். அந்தப் பதிவேடு சட்ட ஆவணம். கோளாறு இருந்தால் எழுத வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். பிரியாவிடை எழுத அதில் கட்டம் கிடையாது என்றேன். சிரித்தார். கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை சற்று நடுங்கியது, அதுவும் பதிவேட்டில் வராது.

நினைவுப் பொருள் வேண்டுமென்றால் பணிப்பெண்ணைக் கேளுங்கள். கடைசிப் பயணங்களில் சான்றிதழோ அஞ்சல் அட்டையோ பெரும்பாலும் கொடுப்பார்கள். பிரித்த விமானங்களின் உடல் தகட்டை வெட்டிச் சாவிக்கொத்தாக விற்கும் கடைகளும் உண்டு. இருக்கையின் அடியில் இருப்பதை மட்டும் தொடாதீர்கள். அது திருட்டு என்பது ஒருபுறம். அதற்குள் அழுத்தப்பட்ட வாயுக் குப்பி இருக்கிறது. பைக்குள் கயிறு எங்காவது மாட்டி இழுபட்டால் விமானத்துக்குள்ளேயே ஊதிக்கொள்ளும். ஓய்வு பெற்ற விமானத்தின் பாகங்களும் வீணாவதில்லை. என்ஜின், சக்கரக் கால், சோதித்துச் சான்றளித்த சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் வேறு விமானங்களுக்குப் போகும். எல்லிஸ் பார்க்கின் மேல் பறந்த அதே விமானம், லெபோம்போ என்று பெயர், 2004இல் ஜெர்மிஸ்டனின் ராண்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி அருங்காட்சியக விமானமானது. பிறகு மலூட்டி என்ற 747எஸ்பியும் அங்கே வந்து சேர்ந்தது. என் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனபோது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அலமாரி அட்டையைப் பற்றி அன்று அவர்களிடம் சொல்லவில்லை.

லெனேசியா அம்மா மறுநாள் இரண்டு என்ஜின் விமானத்தில் போனார். பத்து நாள் கழித்துக் கைப்பேசியில் குரல் செய்தி வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள், ஊறுகாய் உடையாமல் வந்து சேர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உட்கார்ந்தவுடன் அடியில் கைவிட்டுப் பார்த்தேன் தம்பி. இருந்தது."