பிரசவ அறையில் பாலினம் குறிப்பது யார்?

'பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம்' என்ற தொடரைக் கேட்டதும், "பாலினம் கூடவே பிறப்பது, அதை யார் குறிப்பது?" என்று சிலர் சினந்து கேட்கிறார்கள். பிரசவம் பார்க்கும் நாங்கள்தான் குறிக்கிறோம். குழந்தையின் வெளி உறுப்பை ஒரு பார்வை பார்த்து, ஆண் அல்லது பெண் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். குரோமோசோமையும் உள்ளுறுப்பையும் அப்போது யாரும் சோதிப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பார்வையே போதும்.

ஊடுபால் உடலமைப்போடு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான வகைகளுக்குள் அடங்காத பால் உறுப்புகளோடு பிறக்கும் சில குழந்தைகளுக்குப் போதாது. உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபோது, வாசலில் நிற்கும் உறவினர்களின் வாயை அடைக்க ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்த பிறகு மாற்றிச் சொல்லும் பாடு பெற்றோருடையது, நம்முடையதல்ல. "தாயும் குழந்தையும் நலம், பரிசோதனைக்குப் பிறகு மற்றதைச் சொல்கிறோம்" என்பதில் எந்தக் குறைவும் இல்லை.

உண்மையான அவசரம் வேறு. இத்தகைய குழந்தைகள் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருக்கும். கார்டிசோல் என்ற ஹார்மோன் சுரப்பதற்கான நொதி குறைவதால் ஆண் ஹார்மோன் மிகுந்து, கருப்பை உள்ள குழந்தைக்கும் வெளி உறுப்பு ஆணுடையதைப் போல வளர்ந்திருக்கும். கடுமையான வகையில் உடலில் உப்பு தங்காது. முதல் சில வாரங்களில் வாந்தி, எடை இழப்பு, நீரிழப்பு என்று போய் உயிரையே பறித்துவிடும். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், ஹார்மோன் அளவுகளைப் பார்த்து மருந்து தொடங்கினால் காப்பாற்றலாம். உறுப்பு விதைகளில்லாத ஆணுடையதைப் போலத் தெரிந்தால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சை செய்து 'சரிப்படுத்த' அவசரப்படும் பெற்றோருக்கு ஒன்று. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22-இல் தீர்ப்பளித்தது. ஊடுபால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்குமாறும் அதில் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தடை ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. தன் உடல் பற்றிப் பின்னாளில் அந்தக் குழந்தையே முடிவெடுக்கட்டும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயரைப் பிறகும் சேர்க்கலாம். எனவே பரிசோதனை முடிவுகள் வரும்வரை பெயர் சூட்டு விழாவைத் தள்ளிவையுங்கள்.